தோட்டத்துக் கேட்டுக்குள் ஒரு சப்-சென்டர்

1. கட்டுத்தறியில் நின்றவள்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். என் சர்வீஸ் முழுக்க மேலதிகாரிகள் என்னைப் பற்றி எழுதிய குறைகளில் பாதி அதுதான். இதைப் படிக்கிற இளம் நர்ஸ்களும், மதிப்பீடு செய்யப் போகிறோம் என்று ஜீப் ஏறுகிற பிள்ளைகளும் முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். இந்த விஷயத்தைச் சாந்தமாக எழுத எனக்கு வரவில்லை. இரண்டு தடவை முயன்று கிழித்துப் போட்டுவிட்டுத்தான் சொல்கிறேன்.

எழுபதுகளின் கடைசியில் எனக்கு ஹெல்த் விசிட்டராகப் பதவி உயர்வு கொடுத்து மோகனூர்ப் பக்கம் போட்டார்கள். சேலம் அம்மாபேட்டையில் தறிச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்தவள் நான். கரும்புக்காடும் வாய்க்காலும் எனக்குப் புதுசு. கிராமத்துச் சப்-சென்டர்களில் தனியாக இருக்கிற நர்ஸ்களின் வேலையை மேற்பார்வை பார்ப்பது என் பொறுப்பு. சப்-சென்டர் என்றால் இரண்டு அறையும் ஒரு வராந்தாவும். ஒரு அறையில் ஊசி, மருந்து, பிரசவம். இன்னொன்றில் நர்ஸின் குடித்தனம்.

அந்த ஊருக்கு முதல் தடவை போன அன்று, சப்-சென்டர் எங்கே என்று கேட்டதற்கு, ஒரு பெரிய இரும்புக் கேட்டைக் காட்டினார்கள். உள்ளே தென்னந்தோப்பு. ஒரு பக்கம் தோட்டத்துக்காரர் வீடு. எதிர்ப்பக்கம் கட்டுத்தறி, அதாவது மாடு கட்டுகிற கொட்டகை. இரண்டுக்கும் நடுவில் புதுச் சுண்ணாம்பு அடித்த நம்முடைய அரசாங்கக் கட்டடம். கேட்டில் ஒரு நாய் கட்டியிருந்தது. என்னைப் பார்த்து அது குரைத்த குரைப்பில் பாதி தைரியம் போய்விட்டது.

கட்டுத்தறியில் ஒரு பெண் குனிந்து சாணி வழித்துக்கொண்டிருந்தாள். வயிறு நன்றாகத் தெரிந்தது. தோட்டத்துப் பண்ணை ஆள் என்று நினைத்துக்கொண்டேன். உள்ளே நர்ஸ் சரோஜா சிரிஞ்சுகளை வெந்நீரில் போட்டுக் காய்ச்சிக்கொண்டிருந்தாள். சரோஜா ஆத்தூர்ப் பக்கத்துப் பெண், வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அந்தக் கட்டுத்தறிப் பெண் கையைக் கழுவிக்கொண்டு பின்வாசலில் வந்து நின்றாள்.

"ஊசிங்க" என்றாள்.

நான் சரோஜாவைப் பார்த்தேன். சரோஜா தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஊசிக்கு வந்தவதான் மேடம். தெற்கு வளவு. அந்த வளவுல இருந்து யாரு இந்தக் கேட்டைத் தாண்டினாலும் ஒரு வேலை சொல்லிடுவாங்க. அதை முடிச்சாத்தான் என்கிட்ட வர முடியும்."

தெற்கு வளவு என்பது ஊருக்கு வெளியே தள்ளியிருந்த கூலிக்காரர்களின் குடியிருப்பு. ஊர்க் கிணற்றில் தண்ணீர் சேந்தக் கூடாது, ஊர்த் தெருவில் செருப்புப் போட்டு நடக்கக் கூடாது என்று ஒதுக்கி வைத்திருந்த ஜனங்கள். தோட்டத்துக் கூலிதான் அவர்களுக்குச் சோறு.

அவள் பெயர் பாவாயி. விசாரித்தேன். முதல் இரண்டு பிள்ளைகளும் பிறந்து எட்டு நாள் தாண்டவில்லை. நன்றாகப் பால் குடித்த பிள்ளை திடீரென்று வாய் இறுகி, உடம்பு விறைத்து வளைந்து, போய்விட்டது. இரண்டும் அப்படியே. ஜன்னி என்று ஊரில் சொல்வார்கள். டெட்டனஸ். கர்ப்பத்தில் தாய்க்கு ஒரு மாத இடைவெளியில் இரண்டு டி.டி. ஊசி போட்டு, சுத்தமான பிளேடால் தொப்புள்கொடி அறுத்தால் அது அண்டாது. மருந்து இருக்கிறது, விலையும் இல்லை.

"ஏம்மா, ஆறு மாசம் முடிஞ்சு வர்றியே. முன்னாடியே வந்திருக்கலாமே?"

"வந்தா அரை நாள் போயிருமுங்க. கட்டுத்தறி கூட்டோணும், குப்பை அள்ளிக் கொட்டோணும். அன்னிக்குக் கூலி போயிருமுங்க. இதுவும் கையை விட்டுப் போயிருமோன்னு பயந்துக்கிட்டுத்தான் இன்னைக்கு வந்தனுங்க."

டெட்டனஸ் கிருமி இருக்கிற இடம் எது என்று நர்ஸிங் படித்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். மாட்டுச் சாணியும் தொழுவத்து மண்ணும். அதை எதிர்க்கிற ஊசிக்காக, வயிற்றுப் பிள்ளைக்காரி அந்தச் சாணியைக் கையால் வழித்துவிட்டு வர வேண்டும். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இன்றைக்கும் எரிகிறது.

2. இடம் கொடுத்தவர்

இந்தக் கட்டடம் ஏன் அங்கே போய் உட்கார்ந்தது? யாரும் சதி செய்யவில்லை. எங்களிடம் இருந்த நடைமுறை அப்படி. ஊர்க்காரர்கள் யாராவது இலவசமாக நாலைந்து சென்ட் இடம் எழுதிக் கொடுத்தால் அங்கே கட்டடம் வரும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இலவசமாக எழுதிக் கொடுக்க நிலம் யாரிடம் இருக்கும் என்று மட்டும் ஒருத்தரும் யோசிக்கவில்லை. தெற்கு வளவுக்காரன் கொடுப்பானா? அவன் குடிசை நிற்கிற இடமே அவனுக்குச் சொந்தமில்லை.

தோட்டத்துக்காரர் கொடுத்தார். வீட்டு வாசலிலேயே நர்ஸ் இருந்தால் வீட்டுப் பெண்களுக்கும் வசதி. செத்துப்போன அப்பா பெயரில் ஒரு கல்வெட்டும் பதித்துக்கொண்டார். மரியாதையான மனுஷர். என்னை ஒரு நாளும் ஒருமையில் பேசியது கிடையாது. இளநீர் வெட்டாமல் அனுப்பியதும் கிடையாது. அப்படிப்பட்டவரிடம் சண்டை போடுவது எவ்வளவு கஷ்டம் என்று சண்டை போட்டவர்களுக்குத்தான் தெரியும்.

அன்றைக்கே அவர் மனைவியிடம் கேட்டேன். ஊசிக்கு வருகிற கர்ப்பிணிகளிடம் வேலை வாங்கலாமா என்று.

அந்த அம்மா நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "ஏனுங் நர்ஸம்மா, நாங்க என்னமோ தடி எடுத்து அடிச்சு வேல வாங்கற மாதிரி கேக்கறீங்க? வந்தவ வெறுமனே போறாளேன்னு, ஒரு கை கூட்டீட்டுப் போ அம்மிணின்னு சொல்றது. இதுல என்ன கொறஞ்சு போச்சுங்க? எங்க மாமியா காலத்துல இருந்து இப்படித்தானுங்க."

அதில் பொய் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. பொய் சொல்கிறவரை மடக்கலாம். இதில் ஒரு தப்பும் இல்லை என்று மனசார நம்புகிறவரை என்ன செய்வது?

சரி, சரோஜா வளவுக்குப் போய் ஊசி போடட்டும் என்றேன். அதற்கும் ஒரு முட்டுக்கட்டை இருந்தது. சரோஜா குடியிருப்பது தோட்டத்துக்குள். குடிக்கிற தண்ணீர் தோட்டத்துக்காரர் கிணற்றில். "வளவுக்குள்ள போயிட்டு வந்தா நம்ம கெணத்துல வாளி போடாதீங்கம்மா, ஊட்ல பெரியவிய சங்கடப்படுவாங்க" என்று அவர் சரோஜாவிடம் தன்மையாகச் சொல்லியிருந்தார்.

3. வாய்க்கால் மதகு

கரும்பு, கடலைக் காட்டு வேலைக்குப் போகிற பெண்கள் காலையில் வாய்க்கால் மதகைத் தாண்டித்தான் போவார்கள். மதகுப் பக்கத்தில் ஒரு புங்கமரம். புதன்கிழமைதோறும் அந்த மரத்தடியில் ஊசி போடுவோம் என்று நான் சரோஜாவிடம் சொன்னேன். ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து ஐஸ் போட்ட ஃபிளாஸ்க்கில் மருந்தை நானே எடுத்து வருவேன். காய்ச்சிய சிரிஞ்சுகளை மூடிய டப்பாவில் வைத்து சரோஜா கொண்டுவருவாள்.

முதல் புதனில் கொஞ்சம் பேர் தள்ளி நின்று பார்த்தார்கள். அடுத்த புதனில் கூட்டம் வந்தது. போகிற போக்கில் சேலையை இறக்கித் தோளைக் காட்டி, ஊசி போட்டுக்கொண்டு, சோற்றுத் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போனார்கள். ஆளுக்கு இரண்டு நிமிஷம்தான் ஆயிற்று. அரை நாள் கூலி போகவில்லை, யாரும் யாருக்கும் சாணி அள்ளவில்லை. அந்தப் புதன்கிழமைகளில் நானே சந்தோஷமாக இருந்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாவாயிக்கு முதல் ஊசியைப் பார்த்த அன்றைக்கே போட்டாயிற்று, இரண்டாவது ஊசிக்கு இன்னும் நாள் வரவில்லை. அதற்குள் எனக்கு ஒரு மெமோ வந்தது. அரசுக் கட்டடம் இருக்கும்போது மரத்தடியில் ஊசி போடுவது விதிகளுக்கு முரணானது, உடனே நிறுத்தவும். தோட்டத்துக்காரர் யாரிடமோ வருத்தப்பட்டிருக்கிறார். "எடங் குடுத்து, கட்டடம் கட்டி, இப்ப நர்ஸம்மா மரத்தடியில உக்காந்திருக்காங்கன்னா எங்களுக்கு அது கேவலமுங்களே" என்று. எங்கள் மெடிக்கல் ஆபீசர் நல்லவர்தான். ஆனால் அந்த நல்லதனம் மெமோவைக் கண்டால் ஓடி ஒளிந்துகொள்ளும். "நிறுத்திடுங்கம்மா, நமக்கு எதுக்கு வம்பு?" என்றார்.

4. மெட்ராஸிலிருந்து வந்த ஜீப்

அந்த வாரமே மெட்ராஸிலிருந்து எவாலுவேஷனுக்கு ஆள் வருகிறது என்றார்கள். தாய் சேய் நலத் திட்டம் ஏழைகளுக்கும் ஒதுக்கப்பட்டவர்களுக்கும் போய்ச் சேருகிறதா என்று பார்ப்பதற்கென்றே வருகிறார்கள் என்று கேட்டதும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. இதைவிட நல்ல நேரம் வருமா? அவர் பார்த்து எழுதிவிட்டால் மரத்தடி அனுமதி கிடைத்துவிடும், பாவாயிக்கு இரண்டாவது ஊசி கிடைத்துவிடும் என்று கணக்குப் போட்டேன்.

வந்தவர் ஒரு டாக்டர். வெள்ளைச் சட்டை, நல்ல இங்கிலீஷ். ஜீப் நேராகத் தோட்டத்துக் கேட்டுக்குள் போனது. வராந்தாவில் நாற்காலி போட்டிருந்தார்கள். மோர் வந்தது. தோட்டத்துக்காரர் ஆள் விட்டு வளவுப் பெண்களைக் கூட்டிவரச் சொன்னார். அவர்கள் வந்து கட்டுத்தறி ஓரமாக வெயிலில் நின்றார்கள். பாவாயியும் நின்றாள். தோட்டத்துக்காரர் டாக்டருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

டாக்டர் ஒவ்வொருத்தராகக் கேட்டார். "ஏம்மா, இவ்வளவு கிட்ட நர்ஸ் இருக்காங்க, ஏன் வரலை?"

முதல் பெண் தோட்டத்துக்காரரைப் பார்த்தாள். "தெரியாதுங்க சாமி."

அடுத்தவள். "எங்களுக்கென்னங்க தெரியும்?"

பாவாயியின் முறை வந்தது. புதன்கிழமை மதகில் நின்று, "அடுத்த ஊசி எப்பங்க? மறந்து போயிராதீங்க" என்று என்னிடம் கேட்டுவிட்டுப் போனவள் அவள். இங்கே தலையைக் குனிந்து, "தெரியாதுங்க" என்றாள்.

எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. "சார், இங்க வெச்சுக் கேட்டா இவங்க எப்படிச் சொல்வாங்க? என்கூட வாய்க்கால் மதகுக்கு வாங்க. அங்க வெச்சுக் கேளுங்க."

"வாட் இஸ் திஸ்? இங்க கேட்டா என்னம்மா? கட்டடம் இருக்கா, இருக்கு. நர்ஸ் தங்கி இருக்காங்களா, இருக்காங்க. மருந்து இருக்கு. குடியிருப்பு கூப்பிடுற தூரத்துல இருக்கு. இதுக்கு மேல கவர்மெண்ட் என்ன பண்ண முடியும்?"

"உள்ள வந்தா வேலை வாங்குறாங்க சார். அதனாலதான் வரலை."

தோட்டத்துக்காரர் மோர்த் தம்ளரைக் கீழே வைத்தார். டாக்டர் சங்கடமாக நெளிந்தார். பிறகு தணிந்த குரலில், "அது சோஷியல் பிராப்ளம்மா. ஹெல்த் புரோகிராம்ல அது வராது" என்றார்.

"பிள்ளை சாகிறது ஹெல்த்ல வருமா சார்?"

அவர், கூட வந்திருந்த எங்கள் மெடிக்கல் ஆபீசரைப் பார்த்து, "ஹூ இஸ் ஷி?" என்று கேட்டார். அதோடு பேட்டி முடிந்தது. மத்தியானம் அவருக்கு அந்த வீட்டில்தான் சாப்பாடு.

அவர் என்ன முடிவுக்கு வந்தார் என்று மெடிக்கல் ஆபீசர் பிறகு சொன்னார். ஒதுக்கப்பட்ட வகுப்புத் தாய்மார்களிடம் அறியாமை அதிகம், ஆகவே சேவை இருந்தும் பயன்படுத்துவதில்லை. அறியாமையைப் போக்க விழிப்புணர்வுப் படம் காட்ட வேண்டும். படம் காட்டவும் செய்தார்கள். எங்கே என்று கேட்காதீர்கள். அதே தோட்டத்தில்தான்.

5. கடலைக்காட்டு வரப்பு

பாவாயிக்கு நாள் தள்ளிக்கொண்டே போனது. மரத்தடிக்குத்தானே மெமோ? கடலைக்காட்டுக்கு மெமோ இல்லையே! ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு சரோஜாவோடு காட்டுக்கே போனேன். பாவாயி களை வெட்டிக்கொண்டிருந்தாள். வரப்பில் உட்காரவைத்து ஊசி போட்டேன். கூட வேலை செய்த இன்னும் சில கர்ப்பிணிகளுக்கும் போட்டேன். மேஸ்திரி முறைத்தான். நான் அதைவிட நன்றாக முறைப்பேன். அடுத்தடுத்த வாரங்களிலும் ஒவ்வொரு காடாகப் போனோம்.

ஒரு நாள் காலை பாவாயியின் புருஷன் கேட்டுக்கு வெளியே நின்று, "நர்ஸம்மா, வலி வந்திருச்சுங்க" என்று கத்தியிருக்கிறான். உள்ளே வர அவனுக்குத் தைரியமில்லை. சரோஜா பிரசவப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். தோட்டத்துக்காரர் மனைவி, அந்தப் பண்ணாடிச்சி அம்மா, வாசலில் நின்று, "போறது உங்க இஷ்டமுங்க. கெணத்துத் தண்ணியப் பத்திச் சொன்னது ஞாபகம் இருக்குதுங்களா?" என்று கேட்டாராம். "ஞாபகம் இருக்குங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அந்தப் பெண் ஆத்தூர்ச் சீமையிலிருந்து வந்து, பயந்து பயந்து நின்றவள்! இதை எழுதும்போது இப்போதும் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

பெண் குழந்தை. காய்ச்சிய பிளேடு, சுத்தமான நூல். அன்றிலிருந்து சரோஜாவுக்குக் கிணறு கிடையாது. வளவில் போர் போட்டு ஒரு அடிபம்பு வைத்திருந்தார்கள். அங்கே போய்க் குடத்தில் பிடித்து வந்தாள்.

எட்டாம் நாள் தாண்டும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. தாண்டியதும் போய்ப் பார்த்தேன். பிள்ளை காலை உதைத்துக்கொண்டு, விட்டுவிட்டுப் பால் குடித்தது. "வாயத் தொறக்குதுங்க, நல்லாத் தொறக்குதுங்க" என்று பாவாயி அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் யூனிஃபார்மோடு அந்தக் குடிசை வாசலில் உட்கார்ந்து அழுதேன். பார்த்தவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

6. மறுபடியும் அதே ஜீப்

அடுத்த வருஷம் அந்த மெட்ராஸ் டாக்டர் சிரித்த முகமாக வந்து இறங்கினார். தெற்கு வளவில் டி.டி. ஊசி போட்டுக்கொண்டவர்கள் கிடுகிடுவென்று கூடியிருந்தார்கள். விழிப்புணர்வுப் படம் வேலை செய்துவிட்டது என்பது அவர் எண்ணம். காட்டில் போட்ட ஊசி எல்லாம் அந்தக் கட்டடத்தின் பெயரில்தான் ஏறியிருந்தது. நான் ஆட்சேபித்தபோது, "எங்க போட்டா என்னம்மா, சப்-சென்டர் ஏரியாதானே" என்றார்கள். ஆகக் கூடி, அவர்களை வெளியே நிறுத்திய கட்டடத்துக்கே நல்ல பெயர். வேறு ஊர்களிலும் இதே மாதிரி இடம் வாங்கலாம் என்று ஜீப்பிலேயே பேச்சு. பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

தோட்டத்துக்காரர், "நம்ம பாவாயியக் கூப்புடுங்க, அவ சொல்லுவா" என்று ஆள் விட்டார். பாவாயி இடுப்பில் பிள்ளையோடு வந்தாள். அந்த வருஷம் அவள் புருஷன் நாமக்கல்லில் ஒரு லாரியில் கிளீனராகச் சேர்ந்து பம்பாய் லைனில் ஓடிக்கொண்டிருந்தான். அவள் தோட்டத்து வேலைக்கு வருவதை விட்டிருந்தாள்.

"என்னம்மா, இப்ப எல்லாரும் இங்க வந்து ஊசி போட்டுக்கறீங்களாமே? படம் பாத்தீங்களா?" என்றார் டாக்டர்.

"படமெல்லாம் பாக்கலீங்க. ஊசி இங்க போடலீங்க. எனக்கு ரெண்டாவது ஊசிய வரப்புல வெச்சு இந்த நர்ஸம்மா போட்டாங்க. எல்லாத்துக்கும் காட்டுலதானுங்க. இங்க வந்தா கட்டுத்தறி கூட்டோணுமுங்க."

தோட்டத்துக்காரர் மெதுவாக, "பாத்துப் பேசு பாவாயி" என்றார்.

"பாத்துத்தானுங்க பண்ணாடி பேசறன்."

டாக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. "போன தடவை நான் கேட்டப்போ தெரியாதுன்னுதானே சொன்னே?"

"அப்ப இவிய காட்டுக் கூலியிலதானுங்க எங்க அடுப்பு எரிஞ்சுது. நீங்க இவிய பக்கத்துல உக்காந்துக்கிட்டுக் கேக்கறீங்க. கேட்டுப்போட்டு ஜீப்புல ஏறிப் போயிருவீங்க. நாங்க இங்கியேதானுங்க கெடக்கோணும்."

டாக்டர் பேனாவை மூடினார். அன்றைக்கு அவர் அந்த வீட்டில் சாப்பிடவில்லை, அதுவரைக்கும் சரி. பாவாயி சொன்னது அவருடைய முடிவுகளில் வந்ததா என்றால், இல்லை. களப்பணியாளர்கள் உள்ளூர்ப் பெரியவர்களோடு சுமுகமாக நடந்துகொள்ள வேண்டும் என்ற ஒரு வரி வந்தது. அந்த வரிக்கு அர்த்தம் நான்தான். சீக்கிரமே என்னைப் பனமரத்துப்பட்டிப் பக்கம் தூக்கியடித்தார்கள். போவதற்கு முன் மெடிக்கல் ஆபீசர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மரத்தடியை சரோஜா நடத்தட்டும்மா, நான் பாத்துக்கறேன்" என்று வாயால் சொன்னார். எழுத்தில் கொடுக்கவில்லை. அந்த அளவுக்காவது வந்தாரே என்று எடுத்துக்கொண்டேன்.

7. ஜீப் ஏறுகிற பிள்ளைகளுக்கு

இப்போதும் பயிற்சி வகுப்புகளுக்குக் கூப்பிடுகிறார்கள். போனால் யாராவது ஒரு பிள்ளை, "அவேர்னஸ் இல்லாததுதானே மேடம் காரணம்?" என்று கேட்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பாவாயிக்கு ஜன்னி தெரியும். இரண்டு பிள்ளையைப் புதைத்தவளுக்கு அது தெரியாதா? ஊசி தெரியும், எத்தனை ஊசி என்று தெரியும். யார் காதுபட எதைச் சொன்னால் மறுநாள் வேலை கிடைக்காது என்பதும் தெரியும். அவள் சொன்ன "தெரியாதுங்க" என்ற ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு திட்டமே அவளைத் தற்குறி ஆக்கிவிட்டது.

ஒரு திட்டம் ஏழைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கப் போகிறீர்கள். கட்டடம் இருக்கிறதா, மருந்து இருக்கிறதா என்பதோடு நிறுத்தாதீர்கள். அது யார் இடத்தில் நிற்கிறது, அங்கே போவதற்கு அவள் என்ன கொடுக்க வேண்டியிருக்கிறது என்று கேளுங்கள். அவளுக்குக் கூலி கொடுக்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் முதலில் அவரை எழுந்து போகச் சொல்லுங்கள். இடம் அவருடையது, அவர் போகமாட்டார் என்றால், நாற்காலியை விட்டு எழுந்து நீங்கள் அவளோடு வெளியே போங்கள்.